விழாவில் படம் தேர்ந்தெடுப்பது எப்படி? இயக்குநர்களிடம் எப்படிப் பேசுவது?

பின்வரிசை:
எங்கள் திரைப்படச் சங்கத்தில் மாதம் ஒரு சுயாதீனப் படம் திரையிடுகிறோம். இதுவரை யாராவது சொன்ன படத்தைத்தான் போட்டோம், இந்த முறை நானே ஒரு விழாவுக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று கிளம்புகிறேன். நான்கு நாள், நூறு படங்களுக்கு மேல். எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதைவிடப் பெரிய தயக்கம், அங்கே ஒருவரையும் தெரியாது. இயக்குநரைப் பார்த்தால் "படம் நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

ஒளிவட்டம்:
பெரிய விருதோடு வரும் படங்களை முதலில் கழித்துவிடுங்கள், அவை பிறகு எப்படியும் பார்க்கக் கிடைக்கும். முதல் படம் எடுத்தவர்களுக்கும் குறும்படத் தொகுப்புகளுக்கும்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஆறேழு படம் பார்த்துவிடலாம், முடிந்ததும் அவற்றின் இயக்குநர்களில் பலர் அங்கேயே இருப்பார்கள், இன்று குறும்படத்தோடு வந்தவர் சில வருடத்தில் முழுநீளப் படத்தோடு வரும்போது உங்களை நினைவு வைத்திருப்பார்.

பெரிய விழாவில் தேர்வாகவில்லை என்பதற்காக ஒரு படத்தை ஒதுக்காதீர்கள். அமெரிக்காவின் பெரிய சுயாதீனப் பட விழாவான சன்டான்ஸில் இடம் கிடைக்காத இயக்குநர்கள் சேர்ந்து 1995-இல் தொடங்கியதுதான் ஸ்லாம்டான்ஸ் விழா. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் அங்கே திரையிடப்பட்டதுதான்.

பேசுவதற்குப் பாராட்டு தேவையில்லை, ஒரு காட்சி போதும். "கதவு சாத்திய பிறகும் கேமரா ஏன் வெளியிலேயே நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள், மீதியை அவரே பேசுவார். அந்தப் பேச்சிலேயே திரையிட அனுமதி கேட்க வேண்டாம்.

ரீல்பெட்டி:
மேலே சொன்னதோடு ஒன்று. இயக்குநர் சரி என்றாலே போதும் என்று நினைத்து ஒரு முறை அறிவிப்பே போட்டுவிட்டேன். உரிமை விற்பனை முகவரிடம் இருந்தது, படம் வேறு விழாக்களுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் மறுத்துவிட்டார், இயக்குநருக்குத்தான் பெரிய சங்கடம். விழாக் கையேட்டில் பெரும்பாலும் படத்துக்குக் கீழேயே தொடர்பு முகவரி இருக்கும், உரிமை யாரிடம் என்று அங்கே முதலில் கேளுங்கள். திரையிடல் கட்டணம், சப்டைட்டில், எந்த வடிவத்தில் அனுப்புவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பூட்டிய டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் படக் கோப்பு) என்றால் அதற்கான சாவிக் கோப்பு குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும்தான் திறக்கும்.

பின்வரிசை:
இருவருக்கும் நன்றி. உரிமை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. படங்கள் ஒரே நேரத்தில் மோதினால் என்ன செய்வீர்கள்?

நிழல்திரை:
தவறவிட்ட படத்தின் குழுவிடமே பார்வைப் பிரதிக்கு (தேர்வுக்காகப் பார்க்க மட்டும் தரும் பிரதி) இணைப்பு கேளுங்கள், சங்கத்துக்காக என்று சொன்னால் பலர் தருவார்கள். ஆனால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், நம்பித்தான் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு இரவும் தூங்குமுன் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள், மூன்றாம் நாளில் எல்லா முகமும் கலந்துவிடும். ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்த வரியைத் தொட்டு மின்னஞ்சல் போடுங்கள். படம் உங்கள் சங்கத்துக்குப் பொருந்தவில்லை என்றாலும் அதையும் எழுதிச் சொல்லுங்கள், பதிலே வராமல் காத்திருப்பதுதான் அவர்களுக்கு அதிகம் வலிக்கிறது.