ஓகஸ்ட் விளையாட்டு விழா: பெயர் கொடுக்க முதல் ஆறு நிமிடம் நடந்து பாருங்கள்

ஊரவர் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றுகூடலில் நாற்பது தாண்டினவர்களுக்கும் 100 மீற்றர் ஓட்டம் வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுவோம் என்பதே என் கருத்து. வருடம் முழுக்க மேசையில் இருந்து வேலை செய்த உடம்பு திடீரென்று பாய்ந்தால், புறப்படும் உந்தலிலேயே குதிநாண் அறலாம். வேகம் ஏறிய பிறகு தொடைப் பின்தசை கிழியலாம். கோட்டில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் கிளித்தட்டிலும் ஆபத்து உண்டு. மறிப்பவரைக் கண்டு சட்டென்று திரும்பும்போதுதான் கணுக்கால் புரளும். ஆனாலும் கிளித்தட்டு இல்லாத திருமலை (திருகோணமலை) விழாவுக்கு மனம் ஒப்பவில்லை. இளையோர் வழக்கம்போல ஆடட்டும். மற்றவர்களுக்கு நடைக் கிளித்தட்டு வைப்போம். ஓடினால் ஆள் வெளியே.

எந்தப் பிரிவில் சேர்வது என்பதை வயது மட்டும் சொல்லாது. இருக்கிற நாட்டிலேயே ஆறு நிமிட நடையைச் செய்து பாருங்கள். மட்டமான, கடினமான தரையில் 30 மீற்றர் அளந்து, இரண்டு முனையிலும் அடையாளம் வையுங்கள். ஓடாமல், இயன்ற மட்டும் வேகமாகப் போய் வாருங்கள். ஒருதரம் போய்வந்தால் 60 மீற்றர். இடையில் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரத்தை நிறுத்தக்கூடாது. சுகதேகிகள் பெரும்பாலும் 400 முதல் 700 மீற்றர் நடப்பார்கள். வீட்டு விறாந்தையில் பத்து மீற்றரில் செய்தால் திரும்புவதிலேயே நேரம் போய்த் தூரம் குறையும். ட்ரெட்மில்லில் வரும் எண் இதோடு ஒப்பிட உதவாது. ஊரில் இருப்பவர்கள் கோணேசர் கோயில் வீதியில் செய்ய வேண்டாம், அது ஏற்றம். நெஞ்சு நோ, தள்ளாட்டம், தாங்கமுடியாத இளைப்பு வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். ஏற்கனவே நெஞ்சு நோ, மயக்கம் உள்ளவர்கள் இந்த நடையையே அவரைக் கேட்டபின் செய்யுங்கள்.

அறுபது தாண்டினவர்களுக்குக் கதிரைச் சோதனையும் வேண்டும். கைப்பிடியில்லாத, சுமார் 43 சென்ரிமீற்றர் உயரக் கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 செக்கனில் எத்தனைதரம் முழுதாக எழும்புகிறீர்கள் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 11க்கும் குறைந்தால் கால்வலு போதாது, விழும் ஆபத்தும் கூட. கையை ஊன்றி எழும்பினால் கணக்கு பூச்சியம். சங்கீதக் கதிரைக்கு முண்டியடிக்கும் அம்மம்மாமார் இதைத் தவறாமல் செய்யவேண்டும்.

பிறஷருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும் அற்றெனலோல், பிசொப்ரொலோல் போன்ற குளிசை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பவேண்டாம்; அந்தக் குளிசைகள் நாடியை ஏறவிடாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுவே அளவான வேகம்.

கயிறிழுத்தலுக்குக் கயிறு வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் நைலோன் கயிறு வேண்டாம். அது இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும். மணிலாக் கயிறு, சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர், நீளம் 33.5 மீற்றருக்குக் குறையாமல். நடுவில் சிவப்புத் துணி, அதிலிருந்து இருபுறமும் 4 மீற்றரில் வெள்ளை. பக்கத்துக்கு எட்டுப்பேர். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த நிறையையும் சமப்படுத்துங்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றுவது கட்டாயம் தடை. விரல் போவது அப்படித்தான். உப்புவெளிக் கரையில் அலை நனைத்து இறுகிய மணல் இதற்கு நல்ல இடம். விழுந்தாலும் அடிபடாது.

நேரம்தான் பெரிய விஷயம். ஓகஸ்டில் திருமலையில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும், வெயில் கொளுத்தும். சூட்டுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். பலர் மூன்று நாளுக்கு முன்தான் வந்து இறங்குவீர்கள். ஆகவே நடைப்போட்டி காலை 6.15க்கு, 8.30க்குள் எல்லாம் முடியவேண்டும். மிச்சம் பின்னேரம் 4.30க்குப் பிறகு. பொழுது 6.20 அளவில் படும், அதனால் முட்டி உடைத்தலைக் கடைசிக்கு வைக்காதீர்கள். கண்கட்டியவர் பொல்லு சுழற்றும்போது சுற்றி நிற்கும் பிள்ளைகள் நமக்குத் தெரியவேண்டும்.

ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) பக்கெற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். ருசிக்காகத் தண்ணீரைக் குறைத்தால் வயிற்றோட்டம்தான் வரும். யாராவது உளறினால், வியர்வை நின்று தோல் கொதித்தால், குடிக்கக் கொடுக்காமல் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

பெயரோடு நடந்த தூரத்தையும் கதிரை எண்ணிக்கையையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பட்டியலில் பிரிவு மட்டும்தான் வரும்.