வெற்றிலை இல்லாமலே அம்மை வாய் மெல்லுகிறாள், மாத்திரையாலா?

மார்த்தாண்டத்துக்காரி:
எங்க அம்மைக்கு 63 வயது. அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். 11 வருடத்துக்கு முன்னால் கிணற்றில் யாரோ விஷம் கலக்குகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். மனநோய் என்று சொல்லி முதலில் புளூபெனசின் ஊசி, அப்புறம் இன்றுவரை ஹாலோபெரிடால் மாத்திரை. நோய் அடங்கிவிட்டது, சமையல், கோழி என்று நன்றாகத்தான் இருந்தாள். இப்போது ஆறு மாதமாக வெற்றிலை மெல்லுவதுபோல் தாடை அசைந்துகொண்டே இருக்கிறது, நாக்கு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகிறது. தூங்கும்போது இல்லை. கேட்டால் "நான் ஒண்ணும் செய்யல்லியே" என்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைகள் பார்த்துச் சிரித்ததிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டால் நரம்பு இளகும் என்கிறார் மாமா. கை நடுக்கத்துக்கு முன்பு கொடுத்த பேசிடேன் வீட்டில் கிடக்கிறது, அதைக் கொடுக்கலாமா? இல்லை, எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் பார்க்கவா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
மக்களே, இரண்டும் வேண்டாம். நீ சொல்வதைப் பார்த்தால் டார்டிவ் டிஸ்கைனீசியா போலத் தெரிகிறது, அதாவது இந்த மாதிரி மாத்திரைகளை வெகுநாள் சாப்பிடுவதால் வாய், நாக்கு தானாக அசைவது, ஆனால் டாக்டர் நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைத்து வைக்கின்றன. வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் அந்த இடம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது, அதனால்தான் இந்த அசைவு என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதலாக வரும். சட்டென்று நிறுத்தினால் அசைவு இன்னும் கூடலாம், பழைய நோயும் திரும்பலாம்.

பேசிடேன் நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் கேட்கும், இந்த வாய் அசைவை அது மோசமாக்கவே செய்யும். நடுக்கம், கழுத்து கோணிக்கொள்வது, ஓரிடத்தில் இருக்க முடியாமல் உலாத்துவது, இந்த வாய் அசைவு என்று எல்லாம் ஒரே மருந்தால் வந்தாலும் வைத்தியம் ஒன்றில்லை. எல்லாவற்றையும் "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரே பையில் போடுவதுதான் நம்மூர் வழக்கம். எண்ணெய் போடுவதில் கெடுதல் இருக்காது, ஆனால் அதை நம்பி மாதங்களைக் கடத்தாதே, எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

போனில் ஒரு நிமிடம் வீடியோ எடு. பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல். கவனம் கைக்குப் போனதும் வாய் அசைவு கூடினால் அதுவும் வீடியோவில் வரட்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு ஓபிக்குப் போகலாம். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

தேங்காய்ப்பட்டணம் பையன்:
அக்கா, நிறுத்திப் பார்த்த வீடு எங்களுடையது. அப்பாவுக்கும் இதே வாய் அசைவு. ஒரு மருத்துவமனையில் "வயசானா அப்படித்தான்" என்றார்கள், கோபத்தில் நானே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கடற்கரையில் தேடிப் பிடித்தோம். அப்புறம் வேறொரு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக குளோசபின் என்ற வேறு மனநோய் மாத்திரைக்கு மாற்றினார். அதில் இந்த அசைவு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் வெள்ளணு குறைகிறதா என்று பார்க்க முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும், அலைச்சல்தான். கூடவே அசைவைக் குறைக்க டெட்ராபெனசின் கொடுத்தார், அது மனச்சோர்வைக் கொண்டுவரலாம் என்று முதலிலேயே எச்சரித்தார். முழுக்க நிற்கவில்லை, ஆனால் இப்போது அப்பா சாயாக்கடையில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஒன்று விட்டுவிட்டேன். அம்மை வாந்திக்கோ வயிற்று உப்புசத்துக்கோ ஏதாவது சாப்பிடுகிறாளா? மெட்டோகுளோபிரமைடும் இதே டோபமினைத்தான் அடைக்கும். மருந்துக்கடையில் சும்மா வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. பல்செட் இளகியிருக்கிறதா என்றும் பார், அதனாலும் வாய் மெல்லும்.

மார்த்தாண்டத்துக்காரி:
பல் எல்லாம் சொந்தப் பல்தான். ஆனால் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே வாந்தி மாத்திரை, இரண்டு அட்டை காலி, ஒன்று பாதி. காஸ் மாத்திரை என்று போன வருடத்திலிருந்தே போடுகிறாளாம், எனக்குத் தெரியவே தெரியாது. வீடியோ எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஓபிக்கு டப்பாவையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறேன்.