பழக்கின ஒட்டகச்சிவிங்கி மறுபடி காட்டு விலங்காகிவிட்டது, யாராவது உதவுங்களேன்! (டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ், குள்ளர்களை வைத்துக் கோட்டை நடத்துகிற கணினி விளையாட்டு)

கல்லுளி:
ஸ்டீம் (கேம் விற்கிற இணையக் கடை) பதிப்புதான் ஆடுகிறேன், மாட் (மற்றவர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) எதுவும் போடவில்லை. கோட்டைக்கு இது நான்காவது வருடம். இடம் வெப்பமண்டலப் புல்வெளி, மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். போன கோடையில் மேப் ஓரத்தில் நாலு ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. கோட்டையைத் தாக்க வருகிற கோப்ளின்களுக்காக வாசலைச் சுற்றிக் கூண்டுப் பொறி வைத்திருந்தேன், கோப்ளின் வரவில்லை, இவற்றில் இரண்டு மாட்டிக்கொண்டன, ஒன்று ஆண், ஒன்று பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பயிற்சி ஸோன் (ஒரு வேலைக்கென்று ஒதுக்குகிற இடம்) ஒன்று வரைந்து ஒரு குள்ளரை டிரெய்னராகப் போட்டேன், கொஞ்ச நாளில் இரண்டும் பழகிவிட்டதாகப் பட்டியலில் காட்டியது. சரி, வேலை முடிந்தது என்று டிரெய்னரை எடுத்துவிட்டுக் கல் வெட்ட அனுப்பினேன், இரண்டையும் கூண்டிலிருந்து எடுத்து மதிலுக்குள் 5க்கு 5 மேய்ச்சல் ஸோனில் விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆண் பட்டினியால் செத்தது. அடுத்த வாரமே பெண் காட்டு நிலைக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி. இப்போது அது கிணற்றுக்குப் போகிற நடையில் நிற்கிறது. பீப்பாயைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொரு குள்ளரும் அதைப் பார்த்ததும் பீப்பாயைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறார், "ஒட்டகச்சிவிங்கி குறுக்கிட்டதால் வேலை ரத்து" என்று திரை முழுக்க அதே செய்திதான். நடையில் இப்போது ஏழு பீப்பாய் வரிசையாகக் கிடக்கிறது. சாராயம் இருப்பு 40க்குக் கீழே போய்விட்டது. இது பக் (விளையாட்டின் பிழை) தானே? படையை விட்டுக் கொன்றுவிடவா? கொல்ல மனசு வரவில்லை.

இரும்புச்சட்டி:
பக் இல்லை. நீங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், டிரெய்னரை எடுத்தது. இந்த விளையாட்டில் காட்டிலிருந்து பிடித்த விலங்கு ஒருதடவை பழகிவிட்டால் தீர்ந்தது என்று கிடையாது. முதலில் பாதிக்காட்டு நிலை, அப்புறம் பயிற்சி பெற்றது, அதிலும் தரம் தரமாக மேலே போகும், குள்ளர்கள் செய்கிற நாற்காலிக்குத் தரக்குறி இருக்கிற மாதிரியேதான். விட்டால் ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் மறந்துவிடும். டிரெய்னர் பெயர் அந்த விலங்குக்கு நேரே இருந்துகொண்டே இருந்தால் இறங்க ஆரம்பித்ததும் அவராகவே போய்த் திரும்பப் பழக்குவார், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். யூ விசையை அழுத்தி வளர்ப்பு விலங்குப் பட்டியலுக்குப் போங்கள், அங்கே டிரெய்னர் சின்னம் இருக்கும். குறிப்பிட்ட ஆள் வேண்டாம் என்றால் "யாரானாலும் சரி" என்று விடலாம். ஆனால் நன்றாகத் தேறின ஆள் ஒருவரை ஒதுக்குவது மேல், கத்துக்குட்டி பழக்கினால் சீக்கிரம் மறந்துவிடுகிறது.

பாறைமீன்:
கொல்லாதீர்கள். நடை ஒரு கட்டம் அகலம்தானே? பக்கத்துக் கதவுகளையெல்லாம் பூட்டி, வெளியே போக ஒரே வழி விடுங்கள், அந்த வழியில் அடுத்தடுத்து மூன்று கூண்டுப் பொறி. ஒரு பொறிக்கு ஒரு மெக்கானிசம், ஒரு கூண்டு, மரக்கூண்டே போதும். காட்டு நிலைக்குப் போன பிறகு அது உங்கள் விலங்கு இல்லை, அதனால் பொறியில் மாட்டும். பழகின நிலையில் இருந்திருந்தால் பொறி மேலேயே நடந்து போயிருக்கும்.

மூலையில் மாட்டிக்கொண்டால் உதைக்கும், கிட்டே சும்மா ஆளை நிறுத்தாதீர்கள். எனக்கு ஒரு தடவை இப்படி ஒரு காண்டாமிருகம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே காட்டு நிலைக்குத் திரும்பியது. அந்தக் கதையை விடுங்கள்.

கல்லுளி:
நன்றி, பொறி வைக்கச் சொல்லிவிட்டேன். ஆண் ஏன் செத்தது? புல் இருக்கிற இடத்தில்தானே விட்டேன்?

இரும்புச்சட்டி:
25 கட்டம் பற்றாது. அதன் உடம்புக்கு அது ஒரு கவளம். தின்று தீர்த்த கட்டத்தில் புல் திரும்ப முளைக்க நாள் ஆகும், இரண்டும் அந்த ஸோனை விட்டு வெளியே போகாது, நிறைய பேர் யானையைப் பட்டினி போட்டுக் கொன்றதும் இப்படித்தான். வெளியே பெரிதாக வரையுங்கள், நான் ஒரு ஜோடிக்கு 20க்கு 20 விடுவேன். மதிலுக்குள் இடம் இல்லையென்றால் குகையை உடைத்துத் திறங்கள், அப்புறம் கோட்டைக்குள் மண் தரை உள்ள அறைகளில் பூஞ்சையும் பாசியும் தானாக முளைக்கும், அதையும் மேயும். ஒன்றுக்கும் வழியில்லை என்றால் கூண்டிலேயே வையுங்கள், கூண்டுக்குள் இருக்கிற விலங்குக்குப் பசியே கிடையாது. அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், இதை உருவாக்கிய அண்ணன் தம்பி இரண்டு பேரும் 2006லிருந்து வெளியிட்டுவருகிற விளையாட்டில் இதுதான் இன்னும் எனக்குச் செரிக்காத விஷயம்.

நிலவறை:
எனக்குச் செரிக்காதது வேறு. உண்மையான ஒட்டகச்சிவிங்கி மரத்தின் மேல்கிளையில் வேல இலை தின்கிற பிராணி. அவ்வளவு நீளக் கழுத்து எதற்கு இருக்கிறது! இங்கே அதுவும் மாடு மாதிரி குனிந்து புல் மேய வேண்டும், பக்கத்திலேயே மரம் இருந்தாலும் கண்டுகொள்ளாது.

பீப்பாய்:
ஒரு சந்தேகம், பெயரிலேயே சிவிங்கி இருக்கிறதே, வேட்டைக்குப் பழக்க முடியாதா 😀

நிலவறை:
பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒட்டக உருவம், சிவிங்கிப் புள்ளி, அவ்வளவுதான், அதன் அறிவியல் பெயரில் ஒட்டகமும் சிறுத்தையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேட்டைக்கும் போருக்கும் பழக்குகிற பிராணிகள் வேறு: நாய், சிவிங்கி, போருக்கு யானை.

கல்லுளி:
மாட்டிவிட்டது! இரண்டாவது பொறியில். ஏழு பீப்பாயும் ஒரே நாளில் கிடங்குக்குப் போய்விட்டன. இப்போது கூண்டிலேயே வைத்துப் பழக்குகிறேன், டிரெய்னரை எடுக்க மாட்டேன். ஆனால் ஆயுசு முழுக்க இப்படி ஒரு ஆளை அதற்கே ஒதுக்க வேண்டுமா? நிரந்தரமாகப் பழக வழியே இல்லையா?

பாறைமீன்:
பெரிதாகிப் பிடிபட்டது என்றைக்கும் முழுசாக வீட்டு விலங்காகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழி குட்டியில்தான் இருக்கிறது. தாய் பழகின நிலையில் இருக்கும்போது பிறக்கிற குட்டிக்கு உடனே டிரெய்னர் போடுங்கள், குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் அது முழுசாகப் பழகினதாக மாறிவிடும், திரும்பக் காட்டுக்குப் போகாது. ஆண் சாவதற்கு முன் இரண்டும் ஒன்றாகத்தானே மேய்ந்தன? அப்படியென்றால் வாய்ப்பு இருக்கிறது, காத்திருங்கள். இல்லையென்றால் எல்ஃப் (மரங்களைக் காக்கிற காட்டுவாசி இனம்) வணிகர்களைப் பாருங்கள், வசந்தத்தில் கூண்டு கூண்டாகப் பழகின விலங்குகளைக் கொண்டுவருவார்கள், என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அவர்களிடம் மரச்சாமான் எதையும் நீட்டாதீர்கள், கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் ஒருமுறை கல் குவளைகளை மரப்பெட்டியோடு சேர்த்து வைத்து அந்த வருட வியாபாரமே போயிற்று.

இன்னொன்று, ஒவ்வொரு தடவை பழக்கும்போதும் உங்கள் குள்ளர் நாட்டுக்கே அந்த விலங்கைப் பற்றிய அறிவு கூடும். இப்போது ஒன்றும் தெரியாத நிலை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் மறந்துபோனது. அடுத்தடுத்துப் பிடிக்கிறவை இதைவிட நன்றாக நிற்கும்.

நிலவறை:
குட்டி விஷயம் நிஜத்திலும் அப்படித்தான். எகிப்திலிருந்து முகமது அலி பாஷா பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸுக்குப் பரிசாக அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி 1827இல் மார்செய்யிலிருந்து பாரிஸ் வரை சுமார் 900 கி.மீ. நடந்தே போனது. சூடான் பக்கம் குட்டியிலேயே பிடித்து வளர்த்தது, குடிக்கப் பால் வேண்டும் என்று கறவை மாடுகளும் கூடவே போயின. பெரிதாய் வளர்ந்ததைப் பிடித்து இப்படிச் சாலையில் நடத்திக்கொண்டு போயிருக்க முடியுமா?

கல்லுளி:
அப்டேட். கிரானைட் மாதம் (விளையாட்டில் வருடத்தின் முதல் மாதம், வசந்தம்) முதல் வாரம், தாய் கூண்டிலேயே குட்டி போட்டது, பெண். டிரெய்னரை உடனே போட்டேன், நேற்று பட்டியலில் பார்த்தால் பயிற்சி என்ற சொல்லே இல்லை, வெறும் "பழகியது" என்று மட்டும் இருக்கிறது. தாய்க்கு இன்னும் தரக்குறியோடுதான் காட்டுகிறது. வெளியே 22க்கு 20 மேய்ச்சல் வரைந்து, சுற்றி மதில் எழுப்பி, வாசலில் நாலு பொறி வைத்து இரண்டையும் விட்டிருக்கிறேன். இனி ஒரு ஆண் வேண்டும், எல்ஃப் வண்டி இன்னும் வரவில்லை.

பீப்பாய்:
மரப்பெட்டியை ஒளித்து வையுங்கள்.