வேற்றுக்கிரகத்துக்கு நாமே குரல் கொடுக்கலாமா?

வான்நோக்கி:
2017 அக்டோபரில் நார்வேயின் ட்ரோம்சோ அருகே உள்ள ரேடார் ஆன்டெனாவிலிருந்து லூய்ட்டன் விண்மீனை நோக்கி ஒரு செய்தியை அனுப்பினார்கள். தூரம் சுமார் 12.4 ஒளியாண்டு. 2030-இல் போய்ச் சேரும். அங்கே யாராவது இருந்து உடனே பதில் போட்டால் 2042 - 43 வாக்கில் நமக்குக் கிடைக்கும். நம்மில் பலர் அப்போதும் இருப்போம். மொத்த உலகத்தையும் பாதிக்கக்கூடிய ஒரு காரியத்தை ஒரு சிறு குழு தானாக முடிவு செய்தது தவறு என்கிறேன்.

கதிர்_மதுரை:
ஒத்துக்க மாட்டேன் சார். 1960-ல அமெரிக்காவோட கிரீன் பேங்க் ஆய்வகத்துல வானியலாளர் ஃபிராங்க் டிரேக் ரெண்டு விண்மீன் பக்கம் ரேடியோ டிஷ்ஷைத் திருப்பினதுல இருந்து, வெளியில இருந்து ஏதாவது சிக்னல் வருதான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருந்தா யார்தான் முதல்ல வாயைத் திறக்கிறது? குறுங்கோள்களை அளக்க அனுப்புற ரேடார் கதிரே பல வருஷமா விண்வெளிக்குள்ள போயிக்கிட்டுத்தானே இருக்கு?

வான்நோக்கி:
ரேடார் கதிர் குறுங்கோளைத் தொடர்ந்து நகரும். எந்த விண்மீன் மீதும் நிலைத்து நிற்காது, அதில் செய்தியும் கிடையாது. இது ஒரே இலக்குக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியது. 1974-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு ஒரு செய்தி அனுப்பியபோதே பிரிட்டனின் அரச வானியலாளர் மார்ட்டின் ரைல் எதிர்த்தார். அதுவாவது சுமார் 25,000 ஒளியாண்டு தூரம், வெறும் அடையாளம் என்று விடலாம். 12 ஒளியாண்டு அப்படியா?

செல்வி_இயற்பியல்:
கதிர், "கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதுவரை தேடியது கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்த அளவுதான் என்று, இந்தத் தேடலில் பல ஆண்டுகள் ஈடுபட்ட வானியலாளர் ஜில் டார்ட்டர் சொல்லியிருக்கிறார்.

கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு பிஎல்சி1 என்று பெயரிட்ட சிக்னல் ஒன்றே போதும். 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியைப் பார்த்தபோது 982 மெகாஹெர்ட்ஸ் அருகே மிகக் குறுகலான ஒரு சிக்னல். டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பினால் காணோம், மறுபடி விண்மீனுக்குக் கொண்டுவந்தால் வருகிறது. அலைவரிசையும் மெல்ல நகர்ந்தது. யாருக்கும் நெஞ்சு படபடக்கும்! பிறகு பழைய பதிவுகளைத் தோண்டியபோது, அதே சாயலில் வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் கிடைத்தன. அவை டிஷ் வேறு திசையில் இருந்தபோதும் பதிவாகியிருந்தன. 2021-இல் அது மனிதக் கருவிகளின் குறுக்கீடு என்று முடிவு வந்தது. பொறுமையாகச் செய்ய வேண்டிய இந்த வேலையே பாதியில் நிற்கிறது.

கதிர்_மதுரை:
செல்வி மேடம், நல்ல உதாரணம். ஆனா அது கேட்கிறதைக் கூட்டணும்னுதான் சொல்லுது, பேசக்கூடாதுன்னு சொல்லலையே. அதோட பூமியோட காத்துல ஆக்சிஜன் 200 கோடி வருஷத்துக்கு மேல இருக்கு. இங்க வர்ற அளவுக்கு வளர்ந்தவங்க அதை எப்பவோ பாத்திருப்பாங்க. நாம வாயை மூடி யாருகிட்ட ஒளியப் போறோம்?

வான்நோக்கி:
ஆக்சிஜன் இங்கே உயிர் இருக்கக்கூடும் என்று மட்டும் காட்டும். ரேடியோ அனுப்பும் அளவுக்கு ஓர் இனம் வளர்ந்திருக்கிறது என்று காட்டாது. வெளியிலிருந்து சிக்னல் கிடைத்தால், உலக நாடுகளைக் கலந்து பேசாமல் பதில் அனுப்பக்கூடாது என்று 1989-இலேயே ஒரு நெறிமுறை வகுத்தார்கள். பதிலுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், நாமாகக் கூப்பிடுவதற்கு ஏன் இல்லை?

கதிர்_மதுரை:
அது சட்டம் இல்லையே சார். 800 கோடி பேர்கிட்டயும் சம்மதம் வாங்கணும்னா எந்தக் காலத்துலயும் நடக்காது. என்ன அனுப்புறோம்னு முன்கூட்டியே வெளியிடட்டும், திட்டுறவங்க திட்டட்டும், அதுவரைக்கும் சரி. தடை போடுற அதிகாரத்தை யாருகிட்டயும் கொடுக்கக்கூடாது.

செல்வி_இயற்பியல்:
தடை வேண்டுமா என்பது இருக்கட்டும். 2042-இல் பதில் வந்தால் அதைக் கேட்க ஒரு பெரிய டிஷ் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்தே விழுந்தது, திரும்பக் கட்டவில்லை. அனுப்பப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்து ஒதுக்கட்டும். அதுவரை அனுப்புவதற்கு என் ஓட்டு இல்லை.