விற்பதற்கு முன்பே போன நிலம்

விவசாய நிலத்தை விற்ற கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்களும் விற்றோம், ஆனால் பத்திரம் பதிவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலம் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது.

பாகூர் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் அப்பாவுக்கு ஒரு காணி நன்செய் இருந்தது; புதுச்சேரிக் கணக்கில் 100 குழி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும் தண்ணீர், மதகு திறந்ததும் தலைமடையிலிருந்து வயல் வயலாக இறங்கிக் கடைசியாகத்தான் எங்களை வந்தடையும்.

எங்களுக்கு மேலே மூன்று காணி வைத்திருந்தவர் மகள் திருமணத்துக்காக அதை விற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கியவர்கள் ஒரே கோடையில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி வயலை இரண்டடி உயர்த்தி, வெள்ளையடித்த கற்களை நட்டு, வண்ணக் கொடிகளும் கட்டிவிட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்த வாய்க்கால் மனைகளுக்கான சாலைக்கு அடியில் போனது. குழாய் புதைத்திருப்பதாகச் சொன்னார்கள். முதல் மழையிலேயே அது அடைத்துக்கொள்ள, அப்பா மண்வெட்டியோடு போய்க் குழாயின் வாயில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். சேற்றோடு சிமென்ட் சாக்குகள் வந்தன. மனு கொடுத்தோம். ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

வேண்டும்போது வராத தண்ணீர், வேண்டாதபோது வடியவும் இல்லை. மேடாகிவிட்ட மனைகளின் மழைநீர் முழுவதும் எங்கள் பள்ளத்தில்தான் இறங்கியது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையின் உபரிநீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, சற்றுத் தள்ளியிருந்த வயல்களில் சில நாட்களில் வடிந்த வெள்ளம் எங்கள் காணியில் 15 நாள் நின்று சம்பாப் பயிரை அழுக வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் நிலைமை நன்றாக இருந்ததில்லை: சுற்றிலும் தரிசு என்பதால் ஊரிலுள்ள எலிகளுக்கெல்லாம் எங்கள் கதிர்தான் தீனி; முன்பு அடுத்தவர் அறுத்த தாளின் மேலேறி வந்துவிடும் அறுவடை இயந்திரம், மதிற்சுவர் எழுந்த பிறகு சாலையிலேயே நின்று திரும்பிவிட்டது. ஆள்விட்டு அறுத்த கூலிக்கு நெல் விற்ற பணம் போதவில்லை.

பிறகு தரகர் வந்தார். மனைப்பிரிவுக்கும் அவரே தரகர். "ஐயா, வழியில்லாத நிலம், விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள்" என்றார். "வழியை அடைத்தது யார் தம்பி?" என்று அப்பா கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். குறைத்த விலைக்கே கொடுத்தோம்.

பத்திர எழுத்தர் நிலத்தின் நான்கு பக்க எல்லைகளை வாசித்தார். "வாய்க்காலுக்குத் தெற்கு" என்று பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார். அப்பா அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.