கடைக்காரர்களே, உங்கள் கடையைப் பற்றி ஆன்லைனில் பேசியது உங்கள் காதுக்கு எப்படி வந்தது?

மாசிவீதி ஜவுளி:
சித்திரைத் திருவிழாக் கூட்டம், கல்லாவில் நிமிர நேரமில்லை. ஒரு அக்கா வரிசையைத் தாண்டி வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ரீல்ஸ். வாளித் தண்ணீரில் ஒரு சேலை, தண்ணீர் குங்குமமாகக் கலங்குகிறது. ‘மதுரை சுங்குடின்னு சொல்லி ஏமாத்துறாய்ங்க’ என்று ஒரு குரல். கடைப் பெயர் எங்கேயும் இல்லை. வாளிக்குப் பக்கத்தில் கிடந்த மஞ்சள் பையில் மட்டும் எங்கள் முத்திரை பாதி தெரிகிறது. “இது உங்க பைதானே தம்பி?”

பை எங்களுடையதுதான். சேலை இல்லை. சுங்குடியைக் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கினால் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது; அதில் அத்தனையும் அச்சு வட்டம். 2005லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, பிரிண்ட் அடித்ததையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? கூகுள் அலர்ட்டில் கடைப் பெயரைப் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒரு மெயில்கூட வரவில்லை.

திருமங்கலம் தோசைக்கல்:
அலர்ட்டை நம்பினால் அப்படித்தான். கூகுள் தேடலில் சிக்கும் பக்கங்களைத்தான் அது பார்க்கும். பெயரே சொல்லாத ரீல்ஸை எங்கே போய்ப் பிடிக்கும்? எங்களுக்கு வந்தது வேறு கூத்து. ‘பிரியாணியில பீஸே இல்ல’ என்று ஒற்றை ஸ்டார். நாங்கள் போடுவது கறிதோசை. பிரியாணி அண்டாவே கடையில் கிடையாது. அதே பெயரில் வேறு ஊரில் ஒரு கடை இருக்கிறதாம். ரிப்போர்ட் அடித்தும் இன்னும் அப்படியே நிற்கிறது.

அப்புறம் ஒன்று, நல்ல சுங்குடியும் முதல் அலசலில் சாயம் விடும்.

மாசிவீதி ஜவுளி:
கொஞ்சம் விடும். வாளி முழுக்க விடாது. வீடியோவைப் பார்க்காமல் பேசாதீர்கள் அண்ணே.

அண்ணாநகர் ஆன்லைன்:
என் கிளையண்ட் ஒரு ஜிகர்தண்டா கடைக்காரர், அவருக்கும் இப்படி ஆனது. அதை விடுங்கள். கடைப் பெயரை மட்டும் தேடாதீர்கள். பெயரைத் தமிழிலும், இங்கிலீஷில் ஜனங்கள் தப்பாக அடிக்கும் எல்லா ஸ்பெல்லிங்கிலும் தேடுங்கள். தெருப் பெயர், சரக்குப் பெயர், இன்ஸ்டாவில் இடத்தின் பெயர், எல்லாம் பாருங்கள். கூகுள் ரிவ்யூவைப் ‘புதியவை’ வரிசைக்கு மாற்றிப் படியுங்கள், இல்லாவிட்டால் பழையதே மேலே நிற்கலாம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், கண்ணில் பட்டதும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ரிவ்யூவை ஓனர் அழிக்க முடியாது. விதி மீறல் என்று ரிப்போர்ட் செய்யலாம், பதில் எழுதலாம். பதிலை அன்று ராத்திரியே எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுவதை மட்டும் எந்த டூலாலும் பார்க்க முடியாது, அங்கே நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால்தான் உண்டு.

தோசைக்கல் அண்ணே, ரிப்போர்ட்டில் ‘தொடர்பில்லாதது’ என்று குறித்தீர்களா?

திருமங்கலம் தோசைக்கல்:
குறித்தோம் சார். குறித்துவிட்டுத்தான் புலம்புகிறோம்.

கோரிப்பாளையம் மெஸ்:
நீங்கள் எல்லோரும் பொய்ப் புகாரைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு வந்தது நிஜம், அதுதான் இன்னும் உறுத்துகிறது. ‘அயிரை மீன் குழம்புல மண்ணு நறநறங்குது’, ஒரே வரி, கூடவே இலை ஓரத்தில் துப்பிய போட்டோ. அப்பா கொதித்துவிட்டார். “எதிர்த்த கடைக்காரன் ஆள் வச்சு எழுதிருக்கான்மா, நீ பதில் போடு” என்று என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நானும் டைப் அடிக்க ஆரம்பித்தேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய் மாஸ்டரிடம், “மீனைத் தேங்காப்பாலில் விட்டு மண்ணைக் கக்க வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். மாஸ்டர், “கூட்டமா இருந்துச்சுக்கா” என்றார். அப்பாவுக்கும் கேட்டது. பாதி அடித்த பதிலை அழிக்கச் சொல்லிவிட்டு, மீன்காரருக்குப் போன் போட எழுந்து போனார்.