ஃபவுல் பந்தைப் பொறுக்கப் போனவன்: சின்னக் கல்லூரி பேஸ்பால் அனுபவங்கள்

ஏரிக்கரைவாசி:
இரண்டு வருடமாகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒகையோவில் ஒரு சின்னக் கல்லூரி மைதானம், மே மாதம், டிவிஷன் த்ரீ ரீஜனல், அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவுக்கான வட்டாரச் சுற்று. அலுவலக நண்பர், தன் மகன் செகண்ட் பேஸ் ஆடுகிறான் என்று கூட்டிப் போனார். டிவிஷன் த்ரீ தெரியுமே, விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் ஒரு பைசா கிடையாது, பரீட்சை எழுதிவிட்டு பஸ் ஏறுகிற கூட்டம். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்துகளைப் பொறுக்கிவர பெஞ்சுப் பையன்கள்தான் ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முதலாமாண்டுப் பையன், ஒல்லி, அன்று முழுக்க அவனுக்கு அதே வேலை. ஒவ்வொரு முறை பந்தோடு திரும்பும்போதும் டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) மொத்தமும், ஹோம் ரன் அடித்தவனை வரவேற்பதுபோல், வரிசையாக நின்று கை நீட்டும். இதிலும் தோற்றால் வீடு என்கிற ஆட்டத்தில் இந்தக் கூத்து!

ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்றாவது பேஸில் எங்கள் ஆள், அவன் ஓடி வந்துவிட்டால் ஜெயம். ஒரு ஃபவுல் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்குப் பறந்தது, பையன் ஓடினான். அடுத்த பந்திலேயே அடி விழுந்து ரன் வந்து ஆட்டம் முடிந்துவிட்டது. நடுவில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து குவியலாகக் கிடக்கிறார்கள். அப்போது வேலி வாசலில் அவன் வந்து நிற்கிறான், கையில் பந்து, என்ன நடந்ததென்று தெரியாமல் ஒரு விநாடி முழிக்கிறான். அப்புறம் ஓடினான் பாருங்கள்! குவியலின் உச்சியில் போய் விழுந்தான், பந்தை மட்டும் விடவில்லை. காசுக்கு ஆடாதவர்களிடம்தான் இதைப் பார்க்க முடியும்.

பாம்பாற்றங்கரை:
கடைசி வரி தப்பு. நான் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மனில் படித்தபோது, மலை இறங்கி, பக்கத்து ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டன் போய், என்.ஏ.ஐ.ஏ. என்கிற வேறொரு கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் பார்ப்பேன். அங்கே ஸ்காலர்ஷிப் உண்டு, ஒற்றுமைக்கும் குறைவில்லை. உள்ளூர் லூயிஸ்-கிளார்க் ஸ்டேட் 19 முறை ஜெயித்த அணி, ஊரே அவர்கள் பக்கம். ஆனால் ஒரு ராத்திரி, எங்கிருந்தோ வந்த அணி ஒன்று தோற்று வெளியேறியபோது, உள்ளூர்த் தொப்பி போட்ட ஒரு தாத்தா வேலியோரம் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நானும் நீட்டினேன். முகமெல்லாம் ஈரமான ஒரு பையன் என் கையைப் பிடித்து, "வந்ததற்கு நன்றி சார்" என்றான். எனக்கு அப்போது விதிகள் பாதிகூடத் தெரியாது.

தேர்ட்பேஸ் அம்மா:
இருவருமே முழுசாகச் சொல்லவில்லை. டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்குத்தான் பணம் கிடையாது, மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் பார்த்துத் தருவார்கள். என் மகன் படித்ததே அதில்தான். மழை வந்தபோது இரண்டு அணிப் பையன்களும் சேர்ந்து தார்ப்பாய் இழுத்து, ஈரத்தில் வழுக்கி வழுக்கி விளையாடியதை நான் மறக்க மாட்டேன், சரி, அது இருக்கட்டும்.

போகிறவர்கள் கேளுங்கள். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டி எடுக்காதீர்கள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே, அதனால் முதல் ஆட்டம் தோற்றதும் பெட்டி கட்டுவது முட்டாள்தனம், அதே நாளில் இரண்டு ஆட்டம்கூட வரும். பிட்சர்கள் தீர்ந்துபோய், வருஷம் முழுக்க பந்து போடாத பையன்கூட மேட்டில் ஏறுவான், அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வலைக்குப் பின்னால் உட்காருங்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் பந்தைக் கவனிக்காமல் இருந்துவிடுவோம். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார், மழைக்கோட்டு போதும். மே மாதம்தான், ஆனாலும் ராத்திரிக்குக் கம்பளி வேண்டும். டிவிஷன் த்ரீ கடைசிக் கட்டம் 2023 முதல் ஒகையோவில் கிளீவ்லேண்ட் பக்கம் ஈஸ்ட்லேக்கில், எட்டு அணிகள். பட்டமளிப்பு விழாவும் அதே சமயம் வரும், எது முக்கியம் என்று பையனிடம் கேட்காதீர்கள், பதில் உங்களுக்குப் பிடிக்காது.

பஸ்_கடைசி_சீட்:
யாரும் கேட்காத ஆலோசனை, அம்மா, ஆனால் கம்பளி விஷயம் உண்மை.

என் அறைத்தோழன் நான்காம் ஆண்டு கேட்சர். 2020 மார்ச் 12, கொரோனாவால் எல்லாம் ரத்து என்று செய்தி வந்தபோது அவர்கள் ஆட்டத்துக்காக ஃபுளோரிடாவில் இருந்தார்கள். இன்னொரு வருஷம் ஆடலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்தான், இவன் வேலையில் சேர்ந்துவிட்டான். அடுத்த மே மாதம் பார்வையாளனாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாவது இன்னிங்ஸில் டக்அவுட்டிலிருந்து அவன் பட்டப்பெயரைச் சொல்லி ஒரே கூச்சல். எழுந்து நின்று தொப்பியைத் திருப்பிப் போட்டுக் கையசைத்தான். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, சூரியகாந்தி விதை மட்டும் ஒரு பொட்டலம் தீர்த்தான்.

ஏரிக்கரை தலைவா, அந்த ஒல்லிப் பையன் கையிலிருந்த பந்து என்ன ஆனது?

ஏரிக்கரைவாசி:
அம்பயரிடம் கொடுக்கப் போனான். அவர் கிளம்பிவிட்டிருந்தார்.